கு.ப.ரா. : நட்பில் விளைந்த இலக்கியம்

தமிழ்ச் சிறுகதைக்கு மென்மையும் செறிவும் சேர்த்த கு.ப. ராஜகோபாலன் 1902ஆம் ஆண்டு கும்பகோணத்தில் பிறந்தார். ஆறு வயதளவில் குடும்பம் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவின் கொண்டையம்பேட்டையில் அவர் பள்ளிக்கல்வி தொடங்கிற்று. நேஷனல் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்புவரை தொடர்ந்தது. தந்தையின் மறைவு குடும்பத்தை மீண்டும் கும்பகோணத்துக்கே அழைத்துச் சென்றது. அங்கு வடமொழியைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றார்.

கும்பகோணத்தில் வாய்த்த பெரும்பேறு ந. பிச்சமூர்த்தியின் நட்பு. ஒருவர் வழக்கறிஞர்; மற்றவர் மேலூர்த் தாலுகா அலுவலகத்தில் பணிபுரிந்தவர். தொழில் வேறாயினும் நாட்டம் ஒன்றே. இலக்கிய உலகம் இவர்களை இரட்டையர் என்றே அழைத்தது. எனினும் ஒருவர் நடை மற்றவரிடம் ஒட்டிக்கொள்ளவில்லை. பிச்சமூர்த்தியின் பார்வை தத்துவத்தை நாடியது, கு.ப.ரா.வின் பார்வை ஆண் பெண் உள்ளங்களின் சொல்லப்படாத ஆழங்களை நாடியது. 1930களில் 'மணிக்கொடி'யில் இருவரும் எழுதிய யாப்பை மீறிய கவிதைகளே பின்னாளில் புதுக்கவிதைக்கு வழிகோலின.

அக்காலத்தில் பாரதி மகாகவியா என்ற விவாதம் எழுந்தது. கல்கி முதலானோர் அவரைத் தேசியகவி என்ற எல்லைக்குள் நிறுத்தினர். கவிஞர் மறைந்து பதினைந்தாண்டுகள்கூட நிறைவுறாத அந்நிலையில், அவருடைய இடம் உறுதிப்பட்டிருக்கவில்லை. கு.ப.ரா., தம் நண்பர் சிட்டி பெ.கோ. சுந்தரராஜனுடன் இணைந்து மறுப்புரைகள் எழுதினார். அவை 1937இல் 'கண்ணன் என் கவி' என நூலாயின. இருவர் கூடிப் படித்துத் தெளிந்த தெளிவு, தமிழில் பாரதி திறனாய்வின் முன்னோடி நூலாக உருப்பெற்றது. புகழுரையை விடுத்துக் கவிதையையே சான்றாக நிறுத்தியது அதன் வலிமை.

வாழ்க்கை அவருக்கு இரங்கவில்லை. கண்புரையால் பார்வை மங்க, அரசுப் பணியைத் துறக்க நேர்ந்தது. அந்நாளில் அவர் சொல்லச் சொல்லத் தங்கை கு.ப. சேது அம்மாள் எழுதினார். பின்னர் அவரும் எழுத்தாளராக மலர்ந்தார். சிகிச்சையால் பார்வை மீண்டது. வறுமை மட்டும் நீங்கவில்லை. 1943இல் திருச்சி மாவட்டத் துறையூரிலிருந்து வெளிவந்த 'கிராம ஊழிய'னில் பொறுப்பேற்றார். பாரதி பக்தர் திருலோக சீதாராம் அங்கு அவருக்குத் துணையாயிருந்தார். இளமையில் கல்வி தந்த மாவட்டமே இறுதிக்காலப் பணிக்கும் களமாயிற்று.

1944 ஏப்ரல் 27 அன்று, நாற்பத்திரண்டாம் வயதில், காலில் கண்ட நோயால் மறைந்தார். அவர் புனைபெயர்களுள் ஒன்று கரிச்சான். அப்பறவையின் குஞ்செனத் தம்மைக் கருதிய இளைஞர் நாராயணசாமி, கரிச்சான் குஞ்சு என்ற பெயரிலேயே எழுதிப் புகழ்பெற்றார். தி. ஜானகிராமனும் கு.ப.ரா.வைத் தம் ஆசானாகப் போற்றினார். பொருள் சேர்க்காத அவ்வாழ்வு தமிழுக்கு ஒரு பரம்பரையைச் சேர்த்தளித்தது. கூடிப் பயில்வோர் தத்தம் குரலை இழக்கவேண்டியதில்லை என்பதற்கு அப்பரம்பரையே சான்று.