அதிகாரம் எவ்வளவு? யார் கையிலே?

ஒரு நாடு தன் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பிற நாடுகளோடு பங்கிட்டுக் கொண்டால் அது அடிமைத்தனமா? ஆதிக்கக்காரன் பறித்தால் அடிமைத்தனந்தான். அதிலே நமக்கு ஐயமில்லை. ஆனால் சரிநிகராக அமர்ந்து, அளவு குறித்து, எழுதி வைத்து, அவரவரே மனமொப்பிக் கொடுத்தால்? இந்தக் கேள்விக்கு விடை தேடியே வாழ்ந்தவர் பிரான்சு நாட்டு ழான் மோனே. படைத்தலைவரல்ல, பட்டதாரியுமல்ல!

1888-ல் கொன்யாக் நகரில், பிராந்தி வணிகர் வீட்டிலே பிறந்தார். 16 வயதில் பள்ளியை விட்டார். கடல் கடந்து சரக்கு விற்றார். 1914-ல் உலகப் போர் மூண்டது. பிரான்சும் பிரிட்டனும் ஒரே அணி. ஆனால் கோதுமை வாங்கவும் கப்பல் பிடிக்கவும் ஒன்றோடொன்று போட்டி போட்டு விலையை ஏற்றிக் கொண்டன. களத்திலே கூட்டாளி, கடைத்தெருவிலே பகையாளி! 26 வயது நிரம்பாத மோனே, பிரதமர் விவியானியை நேரில் கண்டு, கூட்டாக வாங்கும் வழியைச் சொன்னார். போர் முடிவதற்குள் கோதுமைக்கும் கப்பலுக்கும் கூட்டமைப்புகள் உருவாயின.

பின்னர் சர்வதேச சங்கத்தின் துணைப் பொதுச் செயலாளரானார். பெயர் பெரிது, பேச்சு பெரிது, அதிகாரமோ சிறிது! எல்லா நாடுகளும் இசைந்தாலன்றி முக்கிய முடிவு எதுவும் நிறைவேறாது. ஒருவர் மறுத்தால் ஊரே கைகட்டி நிற்கும். 1923-ல் பதவி விலகி, நொடித்துக் கிடந்த குடும்ப வணிகத்தைக் காக்கத் திரும்பினார். அதிகாரமற்ற சபை அமைதி காக்காது என்பது அவர் கற்ற முதல் பாடம்.

இரண்டாம் பாடம் 1940 ஜூனிலே. இட்லரின் படை பிரான்சுக்குள் புகுந்துவிட்டது. பிரான்சும் பிரிட்டனும் ஒரே அரசாக, ஒரே குடியுரிமையோடு இணையட்டும் என்ற திட்டம் உருவாக, லண்டனில் இருந்த மோனே பாடுபட்டார். சர்ச்சிலின் அமைச்சரவை ஜூன் 16-ல் அதை ஏற்றது. பிரெஞ்சு அமைச்சர்களோ ஏற்கவில்லை. அன்றிரவே பிரதமர் ரேனோ விலகினார், பெத்தேன் வந்தார், சரணாகதியும் வந்தது. ஒரே இரவில் இரு தேசங்களை ஒன்றாக்க இயலுமா?

மூன்றாம் முயற்சிதான் வென்றது. 1870, 1914, 1939 என மூன்று முறை பிரான்சும் ஜெர்மனியும் மோதின. போருக்குத் தேவை பீரங்கி. பீரங்கிக்குத் தேவை எஃகு. எஃகுக்குத் தேவை நிலக்கரி. அந்த இரண்டை மட்டும் பொதுவாக்குவோம் என மோனே திட்டம் வகுத்தார். வெளியுறவு அமைச்சர் சூமான் 1950 மே 9-ல் அதை அறிவித்தார். மறு ஆண்டு பிரான்சு, மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் என ஆறு நாடுகள் ஒப்பமிட்டன. 1952-ல் ஒன்பது பேர் கொண்ட உயர் ஆணையம் எழுந்தது. முதல் தலைவர் மோனே. கரிக்கும் எஃகுக்கும் வரி விதிக்கும் உரிமையும் அதற்கு உண்டு.

சிறு நாடுகள் அஞ்சின. பெரிய நாடுகள் விழுங்கிவிட்டால்? அதிகாரிகள் ஆட்டிப்படைத்தால்? அச்சம் நியாயமானது! ஆகவே நெதர்லாந்து முதலியவை வற்புறுத்தி, அரசுகளின் அமைச்சர் மன்றத்தையும் வைக்கச் செய்தன. ஆணையத்தைக் கண்டித்து வெளியேற்ற ஒரு பேரவை. அதன் ஆணையை ரத்துச் செய்ய ஒரு நீதிமன்றம். தொழிலாளருக்கும் இடம் கிடைத்தது. பெல்ஜியத் தொழிற்சங்கத் தலைவர் பால் ஃபினே ஒன்பதின்மரில் ஒருவர். 1958-ல் தலைவரே ஆனார். சுரங்கம் மூடி வேலையிழந்தோருக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் அளிக்க ஒப்பந்தத்திலேயே வழியிருந்தது.

கரியைத் தந்தவர்கள் படையைத் தந்தார்களா? இல்லை! ஆறு நாட்டுப் படையைப் பொதுவாக்கும் ஒப்பந்தத்தை 1954 ஆகஸ்ட் 30-ல் பிரெஞ்சு நாடாளுமன்றம் 319-க்கு 264 வாக்குகளில் ஒதுக்கித் தள்ளியது. அளவு மீறினால் கதவு அடைபடும். மோனே மறு ஆண்டு பதவியை விட்டார். கட்சிகளையும் தொழிற்சங்கங்களையும் சேர்த்துக் குழு அமைத்து, ஐரோப்பிய ஒற்றுமைக்கு உழைத்தார். 1957-ல் ரோம் ஒப்பந்தம் பொதுச் சந்தையைத் தந்தது. பிரிட்டன் 1973-ல் விரும்பிச் சேர்ந்தது. 2020-ல் விரும்பி விலகியது. படை எடுத்துத் தடுத்தவர் எவருமில்லை. ஆறாகத் தொடங்கிய அணியில் இன்று 27 நாடுகள்.

எனினும் ஒரு குறையை நாம் மறைக்கமாட்டோம். மோனே மக்கள் வாக்கால் பதவி பெற்றவரல்ல. கட்டிய மாளிகையில் குடியிருப்போரின் குரல் நெடுங்காலம் நேராக ஒலிக்கவில்லை. 1979 மார்ச் 16-ல், 90 வயதில் அவர் மறைந்தார். ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்களே நேரடியாக வாக்களித்த முதல் தேர்தல் அதே ஆண்டு ஜூனில்தான் நடந்தது!

தோழர்களே! அதிகாரத்தைப் பங்கிடுவது இழிவல்ல. ஆனால் பங்கிடும்போது அளவு வேண்டும், சம்மதம் வேண்டும், தட்டிக்கேட்கும் உரிமை வேண்டும். சுரங்கத்திலே கரி வெட்டுபவனுக்கும் அந்த உரிமை உண்டானால்தான் அது பங்கீடு. இல்லையேல் எஜமானன் மாறியதாகத்தான் பொருள்!