வடலூரில் குடியேறிய முதலமைச்சர்

சேத்தியாத்தோப்பிலிருந்து வடக்கே செல்லும் நெடுஞ்சாலை வடலூரைத் தொடும். வள்ளற் பெருமான் 1867-இல் தருமச்சாலை நிறுவி அடுப்பேற்றிய அவ்வூருக்கு, ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு மாகாணத்தின் ஆட்சியைத் துறந்துவிட்டு ஒருவர் வந்து சேர்ந்தார். அவரே ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்.

பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895 பிப்ரவரி முதல் நாள் உழவர் குடியில் பிறந்தார் அவர். காந்தியடிகளின் வழியில் காங்கிரசில் நின்று சிறை சென்றவர். இரமண மகரிஷியிடம் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். பதவியை நாடிச் சென்றவர் என்று அவரது எதிரிகளும் சொன்னதில்லை. பிரகாசம் பந்துலுவின் அமைச்சரவை கட்சிப் பூசலில் கவிழ்ந்தபோது, 1947 மார்ச் 23-இல் சென்னை மாகாணத்தின் பொறுப்பு இவர் தோளில் ஏறியது. பிரதமர் என்பதே அப்பதவிக்கு அன்று வழங்கிய பெயர்.

அவர் வந்த வேளை கடுமையானது. போர் முடிந்தும் பஞ்சம் முடியவில்லை. அரிசியும் துணியும் கட்டுப்பாட்டில் இருந்தன. பேருந்துக்கு உரிமம், நூலுக்குப் பங்கீடு, கடைக்கு அனுமதி என்று அரசின் கையெழுத்து ஒவ்வொன்றும் பணமாய் மாறிய காலம் அது. கட்சிக்காரர் பலரும் அக்கையெழுத்தை விடுதலைப் போரில் பட்ட துயருக்குரிய கூலியாகவே கருதினர். ரெட்டியார் அப்படிக் கருதவில்லை. உரிமத்திற்கும் பணிமாற்றத்திற்கும் சட்டமன்ற உறுப்பினர் கொண்டுவந்த பரிந்துரைகளை அவர் ஏற்க மறுத்தார். தில்லித் தலைவர்களுக்கு முறையீடுகள் பறந்தன. ஊழலுக்காகப் பதவி இழந்தோரை நாடு பின்னர் நிறையக் கண்டிருக்கிறது; ஊழலுக்கு இடம் கொடாமையால் பகை தேடிக்கொண்டவர் சிலரே.

இரண்டாண்டு ஆட்சிக்கு அவர் செய்தவை மிகுதி. கோயில் நுழைவுச் சட்டமும், தேவதாசி முறையை ஒழித்த சட்டமும் 1947-இல் நிறைவேறின. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டம் 1948-இல் வந்தது. ஆயினும் வரவுசெலவுத் திட்டத்தைப் பெரிதும் உலுக்கியது மதுவிலக்கே. சேலம் மாவட்டத்தில் இராஜாஜி 1937-இல் தொடங்கியது, பின்னர்ப் படிப்படியாகப் பரவி, 1948 அக்டோபர் 2-இல் மாகாணம் முழுவதையும் தழுவியது. கள், சாராய வருவாய் கருவூலத்தின் பெருந்தூண்களுள் ஒன்று. அதைத் தாமே பெயர்த்துவிட்டுப் பள்ளிக்கும் பாசனத்திற்கும் பணம் எங்கே தேடுவது என்ற கேள்வி நியாயமானதே. 1939-இல் வந்த விற்பனை வரி அந்தச் சுமையைத் தாங்க வேண்டியதாயிற்று. குடிப்பவன் கொடுத்த பணத்தைக் குடிக்காதவனும் சேர்ந்து கொடுக்கும் நிலை அது. ரெட்டியாருக்கு இதில் ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை.

இப்பெருந்தகையின் வரலாற்றில் மூடி மறைக்கலாகாத ஒரு பக்கமும் உண்டு. அவர் பதவியேற்ற மாதத்தில்தான் சென்னைப் பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர் வேலைநிறுத்தம் மூண்டது. நூறு நாள் அளவுக்கு நீண்ட அப்போராட்டத்தை நடத்தியது 1918-இல் தோன்றிய சென்னைத் தொழிலாளர் சங்கம். அதன் தலைவர் அந்தோணிப் பிள்ளை சிறைப்பட்டார். அச்சங்கத்தின் தொடக்க நாள் முதல் அதனோடு நின்ற திரு.வி.க. 1947-இல் முதுமைப் பருவத்தில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். வெள்ளையர் ஆட்சியிலும் தொழிற்சங்கம் வளர்த்த தமிழ் முனிவரைக் காங்கிரசு ஆட்சி வீட்டில் அடைத்தது! விசாரணையின்றிக் காவலில் வைக்க உதவிய பொது ஒழுங்குச் சட்டத்தை அவர் ஆக்கவில்லை. முந்தைய ஆட்சி விட்டுச் சென்றது அது. ஆனால் அதை எடுத்தாள அவர் தயங்கவில்லை. உள்துறை டாக்டர் சுப்பராயனிடம் இருந்தது என்று சொல்லித் தப்புவதற்கும் இடமில்லை. முதல்வரின் பொறுப்பு முதல்வருடையதே. கட்சிக்காரர் கேட்ட சலுகையையும் தொழிலாளர் கேட்ட கூலியையும் அந்த உழவர் ஒரே நெருக்குதலாகக் கண்டார் போலும். இரண்டும் ஒன்றல்ல. கணக்கில் அணுவளவும் பிசகாதவர், ஆளப்படுவோர் தம்மிடம் கணக்குக் கேட்பதைப் பொறுக்கவில்லை.

கவிஞர்கள் மறக்கலாகாத செயலொன்றும் அவ்வாட்சியில் நிகழ்ந்தது. பாரதியின் பாடல்கள் தனியார் உடைமையாய்க் கிடந்து, அவற்றைப் பாடுவதற்கே இசைவு வேண்டியிருந்தது. அவ்வுரிமையை அரசே வாங்கும் செய்தி 1949 மார்ச்சில் வெளியாயிற்று. அரிசிக்கே அல்லாடிய கருவூலம், எட்டயபுரத்துப் புலவனின் எழுத்துக்கு விலை கொடுத்தது. பிற்பாடு அந்த எழுத்து மக்களின் பொதுச்சொத்தாயிற்று.

அந்த மார்ச்சு முடிந்த சில நாள்களில் அவர் பதவியும் முடிந்தது. அவருடைய கட்சியே அவரைக் கைவிட்டது. 1949 ஏப்ரல் 6-இல் குமாரசாமி ராஜா பொறுப்பேற்றார். ரெட்டியார் வேறு கட்சி தேடவில்லை, வடலூரைத் தேடினார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையத்தை நிறுவி, ஆதரவற்ற பிள்ளைகளுக்கு உணவும் கல்வியும் அளிக்கும் பணியில் எஞ்சிய நாள்களைச் செலவிட்டார். வள்ளலாரின் ஊரில் அவர் பார்த்தது பிள்ளைகளின் சோற்றுக் கணக்கு.

1970 ஆகஸ்டு 25-இல் அவர் மறைந்தார். சென்னை அரசினர் தோட்டம் ஓமந்தூரார் பெயரால் வழங்குகிறது. புதிய சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் அங்கே 2010-இல் திறக்கப்பட்டன. வரவுசெலவு விவாதங்கள் அங்கே நெடுங்காலம் நடக்கவில்லை. 2014 முதல் அக்கட்டடம் அவர் பெயர் தாங்கிய அரசு மருத்துவமனை.