எல்.கே.ஜி.யில் இருக்கும் அந்த ‘கே’



உங்கள் வீட்டுச் சுட்டி எல்.கே.ஜி.யிலோ யு.கே.ஜி.யிலோ படிக்கலாம். அந்த ‘கே.ஜி.’ எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘கிண்டர்கார்டன்’ என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம் அது. குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அந்தப் பெயரைச் சூட்டியவர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல்.

1782-இல் ஜெர்மனியின் துரிங்கியா பகுதியில், ஒரு லுத்தரன் போதகரின் மகனாகப் பிறந்தார் அவர். ஒரு வயது நிறைவதற்குள் அம்மா இறந்துவிட்டார். அப்பாவுக்குச் சபை வேலைக்கே நேரம் போதவில்லை. சிற்றன்னைக்கும் தனக்கென ஒரு குழந்தை பிறந்ததும் இவர் மேல் அக்கறை குறைந்தது. தோட்டத்துச் செடிகொடிகளே இவருக்குத் துணை.

இளம்வயதில் வனத்துறையில் தொழில் பழகினார். 1805-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆசிரியரானார். பின்னர் சுவிட்சர்லாந்து சென்று, கல்வியாளர் பெஸ்டலாட்சியின் பள்ளியில் இரண்டு ஆண்டுகள் இருந்து கற்றார். நாடு திரும்பிச் சொந்தமாகப் பள்ளியும் நடத்தினார். பள்ளி வயதுக்கு முந்தைய ஆண்டுகளே அடித்தளம் என்று அவருக்குத் தோன்றியது. 1837-இல், 55 வயதில், பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக ஓர் இடம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்டார்.

அங்கே என்ன நடந்தது? கம்பளி நூல் பந்துகள், மர உருண்டை, உருளை, கனசதுரக் கட்டைகள், பாட்டு, விரல் விளையாட்டு, பிள்ளைகள் தாங்களே பார்த்துக்கொள்ளும் தோட்டப் பாத்திகள். ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர் ஃப்ரோபெல். எல்லாப் பொருளிலும் இறைவன் உறைகிறார், குழந்தைக்குள் இருப்பது விளையாட்டின் வழியே வெளிப்படுகிறது என்று நம்பினார்.

இப்படிப்பட்டவருடைய பள்ளிகளுக்குத்தான் 1851-இல் பிரஷ்ய அரசு தடை போட்டது. பிள்ளைகளை நாத்திகராக்குகின்றன என்பது குற்றச்சாட்டு! அவருடைய அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதிய கருத்துகளை இவருடையவை என்று எடுத்துக்கொண்டதும் அதற்கு ஒரு காரணம். விளக்கம் கொடுத்தும் பயனில்லை. 1852 ஜூனில் அவர் காலமானபோது தடை அப்படியே இருந்தது. 1860-இல்தான் நீங்கியது.

அதற்குள் அவரிடம் பயின்ற பெண்கள் அந்த முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். இன்று மத நிறுவனங்கள் நடத்தும் பள்ளிகளிலும் கே.ஜி. வகுப்பு உண்டு.

அடுத்த முறை அட்மிஷனுக்குப் போகும்போது, எத்தனை நோட்டு, எத்தனை டெஸ்ட் என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகள் எவ்வளவு நேரம் விளையாடுவார்கள், மண்ணில் கை வைக்க விடுவீர்களா என்றும் கேளுங்கள். நம் வளாகத்திலும் மாலையில் பந்துச் சத்தம் கேட்டால் சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஒரு வகுப்புதான் நடக்கிறது.