தோபியாஸ் லோவிட்ஸ்

தோபியாஸ் லோவிட்ஸ் (ஏப்ரல் 25, 1757 – 1804) செருமனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்து உருசியாவில் பணியாற்றிய வேதியியலாளரும் மருந்தாளரும் ஆவார். கரியின் பரப்புக் கவர்ச்சியைக் கண்டறிந்தவர் என்றே பெரிதும் அறியப்படுகிறார். பிர்ச் மரப்பட்டையிலிருந்து இவர் பிரித்தெடுத்த பெத்துலின், இரு நூற்றாண்டுகளுக்குப் பின் எச்.ஐ.வி எதிர்ப்பு மருந்தாய்வுகளில் இடம்பெற்றது.

வாழ்க்கை

இவருடைய தந்தை கியோர்க் மோரிட்ஸ் லோவிட்ஸ் ஒரு வானியலாளர். உருசிய அறிவியல் கழகத்தின் அழைப்பை ஏற்றுக் குடும்பத்துடன் சென் பீட்டர்சுபர்க் சென்ற அவர், 1774 இல் வோல்கா பகுதியில் ஆய்வு செய்துகொண்டிருந்தபோது புகச்சோவ் கிளர்ச்சியாளர்களால் கொல்லப்பட்டார். அப்போது மகனுக்கு வயது 17. பின்னர் தோபியாஸ் அரச மருந்தகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். இடையில் கோட்டிங்கனில் பயின்று திரும்பிய இவர், பெரும்பாலான கண்டுபிடிப்புகளை அம்மருந்தகத்தின் ஆய்வகத்திலேயே நிகழ்த்தினார். 1793 இல் அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார்.

1785 இல் டார்டாரிக் அமிலம் தயாரிக்கையில், சூட்டினால் பழுப்பேறிய கரைசல் கரித்தூளைச் சேர்த்தவுடன் தெளிவடைவதைக் கண்டார். கப்பல்களில் கெட்டுப்போகும் குடிநீரைத் தூய்மையாக்கவும் இம்முறையைப் பரிந்துரைத்தார். உறையவைத்துத் தூய அசிட்டிக் அமிலம் பெற்றது (1789), நீரற்ற ஆல்ககால் தயாரித்தது (1796) ஆகியவையும் இவர் பணிகளே.

பெத்துலின்

1788 இல் பிர்ச் பட்டையைச் சூடாக்கியபோது பஞ்சு போன்ற வெண்பொருள் ஆவியாகி மேலே படிவதை லோவிட்ஸ் விவரித்தார். தாவரங்களிலிருந்து தூய நிலையில் பிரிக்கப்பட்ட தொடக்ககாலச் சேர்மங்களுள் இது ஒன்று. பெத்துலின் என்ற பெயர் பிற்காலத்தது. பிர்ச்சின் வெளிப்பட்டையில் இது ஏராளமாக உள்ளது. இதன் ஆல்ககால் தொகுதிகளுள் ஒன்றை ஆக்சிசனேற்றினால் பெத்துலினிக் அமிலம் கிடைக்கும்.

1994 இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் குவோ-சியுங் லீ குழுவினர், நாவலும் கிராம்பும் அடங்கும் பேரினத்தைச் சேர்ந்த சைசீஜியம் கிளாவிஃப்ளோரம் இலைகளில் எச்.ஐ.வியைத் தடுக்கும் பொருளைத் தேடினர். கிடைத்தவற்றுள் ஒன்று பெத்துலினிக் அமிலம். எச்9 வகை வெள்ளணுக்களில் 1.4 மைக்ரோமோலார் செறிவிலேயே அது வைரசுப் பெருக்கத்தைப் பாதியாகக் குறைத்தது. ஆனால் ஏறத்தாழ 13 மைக்ரோமோலாரில் நோயற்ற உயிரணுக்களின் வளர்ச்சியும் பாதியாகக் குறைந்தது. இவ்விரு செறிவுகளின் விகிதம் 9 அளவே. மருந்துக்கு இந்த இடைவெளி போதாது. சோதனைக்குழாயில் வைரசைத் தடுக்கும் மூலிகைச் சாறுகள் பலவும் இந்த இடத்திலேயே தேர்ச்சி பெறுவதில்லை.

எனவே மூலக்கூறு மாற்றியமைக்கப்பட்டது. 1996 இல் வெளியான டைமெத்தில்சக்சினைல் வழிப்பொருளில் அவ்விகிதம் 20,000 ஐத் தாண்டியது. பின்னர் பெவிரிமாட் எனப் பெயரிடப்பட்ட இது, புரதத்தை வெட்டும் நொதியைத் தாக்குவதில்லை. வெட்டப்பட வேண்டிய காக் புரதத்தின் ஓரிடத்தில் பிணைந்து கடைசி வெட்டைத் தடுக்கிறது. இதனால் புதிய வைரசுகள் முதிர்ச்சியடையாமல், தொற்றும் திறனின்றி வெளிவருகின்றன.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் மருந்து போதிய பயன் தரவில்லை. வெட்டுமிடத்தை அடுத்த பகுதியில் அவர்களுடைய வைரசுகள் இயல்பாகவே வேறுபட்டிருந்ததே காரணம். 2010 இல் பெவிரிமாட் ஆய்வு கைவிடப்பட்டது. இக்குறையைக் களைய உருவாக்கப்பட்ட மற்றொரு பெத்துலினிக் அமில வழிப்பொருளின் ஆய்வும், வயிற்று உபாதைகளாலும் மருந்தெதிர்ப்பாலும் 2016 இல் நிறுத்தப்பட்டது.