தம் தொடையிலேயே சோதனை செய்த மருத்துவர்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் பரி என்னும் ஊரில், மருந்துக்கடை நடத்திய தந்தைக்கும் செவிலியாய்ப் பணிபுரிந்த தாய்க்கும் மகனாக 1911ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் பிறந்தவர் ஜான் சார்ன்லி. மான்செஸ்டரில் மருத்துவம் பயின்றார். இரண்டாம் உலகப் போரில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றித் திரும்பியபின் எலும்பு மருத்துவத்தையே தம் துறையாகக் கொண்டார்.

அந்நாளில் இடுப்பு மூட்டுத் தேய்ந்தவர்கள் பட்ட வேதனை கொஞ்சமன்று. தேய்ந்த எலும்புத் தலையை நீக்கி, அக்ரிலிக் பிளாஸ்டிக் பந்து ஒன்றைச் சிலர் பொருத்தி வந்தனர். அப்படிப் பொருத்தப்பட்ட ஒருவர் உணவு மேசையில் முன்னே சாயும்போதெல்லாம் மூட்டு கீச்சிடுமாம்! அவர் மனைவி பொறுக்க மாட்டாமல் எழுந்து போய்விடுவாராம். கேட்டவர் சிரித்திருப்பர். சார்ன்லியோ, உராய்வு மிகுதியால் அல்லவா இவ்வோசை எழுகிறது என்று சிந்தித்தார். சிறிய எஃகுப் பந்து, வழுவழுப்பான பிளாஸ்டிக் கிண்ணம் இரண்டையும் இணைத்து உராய்வைக் குறைக்க முடிவு செய்தார். அவற்றை எலும்போடு பிணைக்க, பல் மருத்துவர்கள் அறிந்திருந்த அக்ரிலிக் சிமென்டைப் பயன்படுத்தினார்.

கிண்ணத்திற்கு அவர் தேர்ந்தது டெஃப்ளான். நம் சமையலறையில் ஒட்டாத தோசைக்கல்லின் மேல் பூசப்படுவதும் அதுவே. ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஏறக்குறைய 300 பேருக்கு அதைப் பொருத்தினார். ஊன்றுகோலை எறிந்துவிட்டு நடந்தவர்களைக் கண்டு அனைவரும் வியந்தனர். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்களைச் சுற்றியிருந்த திசுக்கள் ஏற்கவில்லை, வலி மீண்டது. சார்ன்லி தம் தோல்வியை மறைக்கவில்லை. தம்மை நம்பி வந்த அந்த நோயாளிகளுக்கு மீண்டும் அறுவை செய்து, தேய்ந்தவற்றைத் தாமே அகற்றினார். அவர் வாழ்வில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது இப்பகுதிதான்.

1962இல் விற்பனையாளர் ஒருவர், நெசவுத் தறிகளின் பற்சக்கரங்களுக்கு உதவும் பாலிஎத்திலீன் துண்டைக் கொண்டுவந்தார். சார்ன்லிக்கு அதில் நம்பிக்கை பிறக்கவில்லை. அவருடைய தொழில்நுட்ப உதவியாளர் ஹாரி கிரேவனோ, சார்ன்லி வெளியூர் சென்றிருந்த வேளையில் அதைத் தேய்வுப் பொறியில் ஏற்றி ஓடவிட்டார். டெஃப்ளான் ஒரே நாளில் தேய்ந்த அளவுக்குக்கூட அது மூன்று வாரங்களில் தேயவில்லை! பாலிதீன் பைக்கு உறவான இப்பொருள் இவ்வளவு உறுதியாக இருப்பதேன்? இதன் மூலக்கூறுச் சங்கிலிகள் பன்மடங்கு நீளமானவை. ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

ஆயினும் முன்னர்ப் பட்ட அடியை அவர் மறக்கவில்லை. டெஃப்ளானையும் பாலிஎத்திலீனையும் தம் தொடையிலேயே செலுத்திக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். டெஃப்ளான் இருந்த இடம் கட்டியாய்த் திரண்டது. பாலிஎத்திலீன் இருந்த இடத்தில் அவ்வாறு நேரவில்லை. அதனை அவர் மருத்துவ இதழிலும் வெளியிட்டார். 1962 நவம்பரில் புதிய கிண்ணம் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. பிற மருத்துவர்கள் ரைட்டிங்டனுக்கு வந்து பயின்ற பின்னரே அதனைப் பெற முடிந்தது. அவசரப்பட அவர் விடவில்லை. இறந்தபின் மூட்டை எடுத்து ஆராய இசைவு தருமாறும் நோயாளிகளிடம் கேட்டு வந்தார்.

1977இல் அவருக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1982 ஆகஸ்டு 5ஆம் நாள் அவர் மறைந்தார். அவர் கையால் பொருத்திய கிண்ணங்களுள் சில, அதன்பின்னும் பல்லாண்டுகள் தேய்ந்தழியாமல் நடந்துகொண்டிருந்தன.