விண்மீன் ஒளியை அளந்த வைணு பாப்பு

மாமல்லபுரம், கோவளம் கடற்கரைகளில் விடிவெள்ளியைப் பார்த்துக் கட்டுமரம் தள்ளிய குடும்பங்கள் பல. அதே வானத்தை, ஏறத்தாழ அதே அட்சரேகையிலுள்ள மலையொன்றிலிருந்து ஆராய வழி செய்த பெரியவர் ஒருவரைப் பற்றி இம்மலரில் எழுத விழைகிறோம்.

மணலி கல்லாட் வைணு பாப்பு 1927 ஆகஸ்ட் 10ஆம் நாள் சென்னையில் பிறந்தார். தந்தையார் ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். எனவே தொலைநோக்கி பிள்ளைப் பருவத்திலேயே பழகிய பொருளாயிற்று. ஹைதராபாத் அரசின் உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகம் சென்றார். அங்கே 1949இல் போக், நியூகிர்க் என்னும் இருவருடன் வால்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். அது மூவர் பெயரையும் தாங்குகிறது.

அவருக்கு நிலைத்த புகழைத் தந்தது நிறமாலை ஆய்வு. விண்மீனின் ஒளியை வானவில்போலப் பிரித்தால், இடையிடையே கருங்கோடுகள் தோன்றும். அங்குள்ள தனிமங்களை அவை காட்டிக்கொடுக்கும். (இக்கோடுகளைக் கொண்டு விண்மீன்களை வகைப்படுத்திய முன்னோடிகளுள் ஒருவர் உரோமை நகர் இயேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி என்பது நமக்கு மகிழ்ச்சி.) சூரியனை ஒத்த விண்மீன்களிலும், அதனினும் குளிர்ந்தவற்றிலும், கால்சியத்தின் கருங்கோட்டு நடுவே மெல்லிய ஒளிக்கீற்று ஒன்று தென்படும். ஓலின் வில்சனும் பாப்புவும் 185 விண்மீன்களில் அதன் அகலத்தை அளந்தனர். இயல்பிலேயே பேரொளி உடையவற்றில் கீற்று அகன்றிருந்தது. ஒளி குன்றியவற்றில் குறுகியிருந்தது. இதனால் என்ன பயன்? கடலில் இருக்கும்போது கிட்டத்துப் படகின் லாந்தரும் தொலைவிலுள்ள கலங்கரை விளக்கமும் ஒரே அளவாய்த் தெரியக்கூடும். விளக்கின் உண்மை வலிமை தெரிந்தாலன்றோ தொலைவைச் சொல்லலாம்! அவ்வலிமையைக் கீற்றின் அகலம் சொல்லிவிடுகிறது. 1957இல் வெளியான இம்முடிவு வில்சன்–பாப்பு விளைவு எனப்படுகிறது.

அன்றைய உலகின் மிகப் பெரிய தொலைநோக்கி இருந்த பாலமார் வானாய்வகத்திலும் அவர் பணியாற்றினார். அத்தகைய கருவி இங்கே ஏதுமில்லை. இருந்தும் 1953இல் தாயகம் திரும்பினார். அத்துணிவை நாம் பெரிதும் மதிக்கிறோம். நைனிதாலில் வானாய்வகம் அமைத்தார். 1960இல் கோடைக்கானலின் இயக்குநரானார்.

கோடைக்கானல் சூரிய ஆய்வுக்குப் பேர்பெற்ற இடம். இரவு வானத்துக்கு வேறிடம் தேடியவர், ஜவ்வாது மலையின் காவலூரைத் தேர்ந்தார். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம், வேலூர் வழியே வாணியம்பாடி சென்று மலையேற வேண்டும். 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே பணி தொடங்கியது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோது, காவலூரிலிருந்தும் அதற்குச் சான்று கிடைத்தது.

பின்னர் 2.34 மீட்டர் தொலைநோக்கியை நம் நாட்டிலேயே செய்ய முனைந்தார். அதன் ஆடியைப் பெங்களூரில் தேய்த்து மெருகிட்டனர். 1979இல் பன்னாட்டு வானியல் சங்கத்தின் தலைவரானார். 1982இல் கிரேக்க நாட்டின் பத்ராஸ் நகரில் சங்கப் பேரவை கூடிய நாள்களில், மியூனிக் நகரில் இதய அறுவைக்குப் பின், ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். வயது 55.

அத்தொலைநோக்கி 1986 ஜனவரியில் அவர் பெயரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் வழியே ஒரு விண்மீனையேனும் காண அவருக்கு வாய்க்கவில்லை.