படுக்க வைத்த டயர்

கன்டெய்னர் லாரி யூ-டர்ன் அடிக்கிறதைக் கவனிச்சிருக்கீங்களா? முன்னால இருக்கிற வண்டி முதல்ல திரும்பும். பின்னால இருக்கிற டிரெய்லர் கொஞ்ச நேரம் நேராகவே போய், அப்புறம்தான் திரும்பும். ரெண்டும் சேர்கிற இடத்தில் ஒரு வட்டமான இரும்புத் தட்டு இருக்கு. அதுக்குப் பேர் ஃபிஃப்த் வீல், அதாவது ஐந்தாவது சக்கரம். குதிரை வண்டிக் காலத்துப் பேர் இது. முன் அச்சு திரும்புவதற்காக, நாலு சக்கரத்தைத் தவிரப் படுக்கை வாக்கில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள்.

அந்த இடத்தில் ஒருத்தர் நிஜமாகவே காற்றடித்த டயர் ஒன்றைப் படுக்க வைத்தார். அவர் பேர் கிளென் கர்டிஸ். ரைட் சகோதரர்களோட கோர்ட்டில் மோதினவர்னு கேள்விப்பட்டிருப்பீங்க. நான் சொல்ல வருவது அந்த டயர் கதை. ஆனா அதுக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்னு தெரியணும்.

1878 மே 21 அன்று நியூயார்க் மாநிலத்தில் ஹேமண்ட்ஸ்போர்ட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துட்டார். தங்கை ரூதாவுக்கு மூளைக்காய்ச்சல் வந்து காது கேட்காமல் போயிடுச்சு. அவளோட படிப்புக்காகக் குடும்பம் ரோச்செஸ்டர் நகரத்துக்குப் போனது. கர்டிஸ் படித்தது எட்டாம் வகுப்பு வரைதான். அதுக்கப்புறம் ஈஸ்ட்மன் ஃபிலிம் கம்பெனியில் வேலை, அப்புறம் சைக்கிளில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. சைக்கிள் ரேஸ் ஓட்டினார், சைக்கிள் கடை வைத்தார். சைக்கிளில் இன்ஜின் மாட்டணும்னு ஆசை வந்தப்போ, முதல் கார்புரேட்டரைக் காலி தக்காளி டப்பாவில்தான் செய்தார்.

இந்தத் தக்காளி டப்பாவை ஞாபகம் வச்சுக்கோங்க. வேற எதுக்கோ செய்த பொருளை எடுத்து இன்னொரு வேலைக்குப் பயன்படுத்துறது அவரோட பழக்கம்.

அவரோட மோட்டார் சைக்கிள் இன்ஜின் எடை குறைவு, பவர் அதிகம். அதனால தாமஸ் பால்ட்வின் என்ற பலூன் வீரர் அதை வாங்கித் தன் ஆகாயக் கப்பலில் மாட்டினார். 1904-இல் அது பறந்தது. கர்டிஸ் வானத்துக்குப் போனது இந்த வழியில்தான். 1907 ஜனவரியில் அவர் இதையே திருப்பிச் செய்தார். ஆகாயக் கப்பலுக்காகச் செய்த வி-8 இன்ஜினை ஒரு மோட்டார் சைக்கிளில் வைத்து, ஃப்ளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரை மணலில் மணிக்கு 219 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். 1907-இல்! பிரேக் எல்லாம் பேருக்குத்தான்.

அதே வருஷம் டெலிபோன் புகழ் அலெக்ஸாண்டர் கிரஹாம் பெல் தன்னோட விமான ஆராய்ச்சிக் குழுவில் இவரைச் சேர்த்துக்கிட்டார். 1908 ஜூலை 4 அன்று ஜூன் பக் என்ற விமானத்தை ஊர் ஜனங்க முன்னாடி ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் கோப்பை வாங்கினார். 1910-இல் ஆல்பனியிலிருந்து நியூயார்க் வரை பறந்து 10,000 டாலர் பரிசு. 1911-இல் விமானத்துக்கு அடியில் மிதவை கட்டித் தண்ணியிலிருந்து கிளப்பி, தண்ணியிலேயே இறக்கினார். அமெரிக்கக் கடற்படை வாங்கின முதல் விமானம் அவரோடதுதான். முதல் உலகப் போரில் பைலட்டுகள் பயிற்சி எடுத்த ஜென்னி விமானம் 6,000-க்கு மேல் தயாரானது.

நடுவில் ஒரு பெரிய சண்டையும் ஓடிக்கிட்டு இருந்தது. விமானத்தைப் பக்கவாட்டில் சமநிலைப்படுத்துற முறை எங்க பேட்டன்ட்டுன்னு ரைட் சகோதரர்கள் 1909-இல் வழக்குப் போட்டாங்க. கர்டிஸ் தோற்றார், மேல்முறையீட்டிலும் தோற்றார். 1917-இல் போருக்காகப் பேட்டன்ட்டுகளைப் பொதுவில் வைக்கச் சொன்ன பிறகுதான் அது அடங்கியது. யார் பக்கம் நியாயம்னு இன்னைக்கும் வாதாடுறாங்க. ஒண்ணு மட்டும் நிச்சயம், ரெண்டு தரப்புமே அந்த வருஷங்களைப் பட்டறையில் செலவழித்திருக்கலாம்.

போருக்குப் பிறகு கம்பெனிப் பொறுப்பிலிருந்து விலகி ஃப்ளோரிடாவில் குடியேறினார். நிலம் வாங்கி ஹயலியா, மயாமி ஸ்பிரிங்ஸ், ஓபா-லாக்கா என்று ஊர்களை உருவாக்கினார். வேட்டைக்கும் முகாமுக்கும் போகிற பழக்கம் இருந்ததால், காருக்குப் பின்னால் இழுத்துப் போகிற வீட்டைப் பற்றி ரொம்ப நாளாகவே யோசித்து வந்தார். 1920-களின் கடைசியில் அது ஏரோகார் என்ற டிரெய்லராக வந்தது.

இப்ப அந்த டயருக்கு வருவோம். சாதாரண டிரெய்லரைக் காரின் பின் பம்பருக்குக் கீழே ஒரு உருண்டையில் மாட்டுவாங்க. அந்த உருண்டை பின் அச்சுக்கு நல்லாவே பின்னால இருக்கு. டிரெய்லர் அதை அழுத்தினா கார் சீசா மாதிரி ஆகும். வால் தாழும், மூக்கு தூக்கும், முன் சக்கரத்தில் பிடி குறையும். பக்கக் காற்று அடிச்சா டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஃபிஃப்த் வீலில் எடை பின் அச்சுக்கு நேர் மேலேயே இறங்குவதால் மொமென்ட் ஆர்ம் கிட்டத்தட்ட பூஜ்யம், வாலாட்டமும் குறைவு. ஆனா இரும்போடு இரும்பு சேர்ந்திருக்கிறதால் ஒவ்வொரு குழியும், ஒவ்வொரு பிரேக்கும் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கேன்னு இடிக்கும்.

லாரிகளில் ஃபிஃப்த் வீல் அதுக்கு முன்னாடியே இருந்தது. டயரும் புதுசு இல்லை. கர்டிஸ் ரெண்டையும் சேர்த்தார். காரின் பின்பகுதியில் காற்றடித்த டயர் ஒன்றைப் படுக்க வைத்து, டிரெய்லரின் மூக்கிலிருந்து வரும் பின் அதன் நடுவில் இறங்குகிற மாதிரி செய்தார். அதனால இடி முதல்ல காற்றுக்குப் போகும், மிச்சம்தான் மனுஷனுக்கு. டிரெய்லரின் உடம்பையும் விமானம் மாதிரியே மரச் சட்டமும் இழுகம்பிகளும் வைத்து லேசாகக் கட்டினார்.

இன்னைக்கு அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளில் வருகிற ஏர்-ரைடு ஹிட்ச்சும் இதே யோசனைதான். டயருக்குப் பதிலா ரப்பர் ஏர் பேக் இருக்கும். அதை செட் பண்றது எப்படின்னு பார்த்தா கர்டிஸோட கணக்கு புரியும். பொதுவா டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் பின்னில் இறங்கும். 5 டன் டிரெய்லர்னா சுமார் 1 டன். சமதரையில் டிரெய்லரை மாட்டி, லாக் விழுந்ததான்னு பார்த்துட்டு, டிரெய்லரின் தாங்குகால்களைத் தூக்கணும். மொத்த எடையும் ஹிட்ச்சில் உட்கார்ந்த பிறகுதான் காற்றை அளந்து அடிக்கணும். பேக் மேலேயும் கீழேயும் முட்டாமல் நடுவாக மிதக்கணும். காற்று குறைஞ்சா அடியில் இடிக்கும். கூடினா கல்லு மாதிரி ஆயிடும், அப்புறம் ஏர் பேக் வாங்கினதே வீண். உள்ளே சாமான் கூடினாலோ குறைஞ்சாலோ மறுபடி பார்க்கணும். இன்னொண்ணு, ஏர் பேக் இடியைத்தான் குறைக்கும், எடையை இல்லை. வண்டி தாங்குற அளவு அதேதான்.

1929-இல் கர்டிஸ் கம்பெனியும் ரைட் கம்பெனியும் இணைந்து கர்டிஸ்-ரைட் ஆனது. கோர்ட்டில் மோதின ரெண்டு பேரும் ஒரே போர்டில்! ஆனாலும் வழக்கு அவரை விடலை. 1930 கோடையில், பழைய கூட்டாளி ஒருத்தர் போட்ட வழக்குக்காக ரோச்செஸ்டர் போயிருந்தபோது குடல்வால் வலி வந்தது. பஃபலோவில் ஆபரேஷன் நடந்தது. அதுக்கப்புறம் வந்த சிக்கலில் ஜூலை 23 அன்று இறந்தார். வயசு 52. அவர் போன பிறகும் சில வருஷம் ஏரோகார் தயாரிப்பு தொடர்ந்தது.

அவரைப் பற்றி எழுதுறவங்க பெரும்பாலும் வேகத்தையும் வழக்கையும்தான் எழுதுவாங்க. எனக்கு அந்த டயர்தான் பிடிச்சிருக்கு. உலகத்துல யாரையும் விட வேகமா போன மனுஷன், கடைசி வருஷங்களில் பின்னால உட்கார்ந்து வர்றவங்களுக்கு இடிக்கக் கூடாதேன்னு யோசிச்சிருக்கார். அதுக்கு அவர் புதுசா எதையும் கண்டுபிடிக்கலை, நிமிர்ந்து நின்ன டயரைப் படுக்க வச்சார், அவ்வளவுதான்.

ப்ராஜெக்ட் ரிவ்யூவில் இதில் புதுசு என்னன்னு கேட்டு நம்மளை முழிக்க வைப்பாங்க இல்ல? அடுத்த தடவை டைட்டில் தேடி இன்டர்நெட்டில் உட்காரும் முன்னாடி, ஒர்க்‌ஷாப் பின்பக்கம் குவிஞ்சு கிடக்கிற பழைய சாமானை ஒரு தடவை புரட்டிப் பார்த்துட்டு வாங்க.